பேச்சுக்குப் புரூஃப் கிடையாது

1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நடந்த வழக்கை 'அருட்பா வழக்கு' என்றுதான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். வழக்குப் போட்டவர் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகளும் தில்லை தீட்சிதர்கள் சிலரும். வடலூர்ப் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று நீதிபதியே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. வழக்கு அதைப் பற்றியதே அல்ல. சிதம்பரம் கோயிலில் கூடிய ஒரு கூட்டத்தில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்பதுதான் நாவலரின் புகார். ஆய்வாளர் ப. சரவணன் தேடித் தொகுத்திருக்கும் ஆவணங்களைப் புரட்டினால் இது விளங்கும். நூலைப் பற்றிய சண்டையைத் துண்டுப் பிரசுரங்கள் கவனித்துக்கொண்டன. கோர்ட் படியேறியது பேச்சு.

அந்தக் கூட்டத்தில் என்னதான் பேசினார்கள்? சாட்சிகள் சொன்னதும் இரு கட்சிக்காரர்களும் எழுதி வைத்ததும்தான் நம்மிடம் மிச்சம். பேச்சு போய்விட்டது, போன இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. வள்ளலார் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்களாம், வழக்குப் போட்டவரே தம்மையறியாமல் எழுந்துவிட்டாராம், அதைப் பார்த்தே வழக்கைத் தள்ளிவிட்டார்களாம். கடலூரில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. நான் இதை நம்புகிறவனல்ல. ஆனால் ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பேச்சாளனுக்கு இருந்த சலுகை என்ன என்பதை இந்தக் கதை காட்டுகிறது. அவன் என்ன சொன்னான் என்பதை ஊர் தனக்குப் பிடித்தமாதிரி திருத்திக்கொள்ளும்.

இன்று பேசுகிற எழுத்தாளருக்கு அந்தச் சலுகை இல்லை. வாரம் தவறாமல் மைக் முன்னால் உட்காருவதும், பேசியது அப்படியே சேமிக்கப்பட்டு யாரோ ஒருவர் காதில் பஸ்ஸிலும் சமையலறையிலும் ஓடுவதும் எழுத்துத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் கேட் மில்டன்ஹால் என்றொரு நாவலாசிரியை இருக்கிறார். 2016இல் 'ஸ்கைலார்க்கிங்', 2020இல் 'தி மதர் ஃபால்ட்', 2023இல் 'தி ஹம்மிங்பேர்ட் எஃபெக்ட்' என்று நிதானமாக எழுதிவருகிறவர். கேத்தரின் கொலெட் என்ற இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து 'தி ஃபர்ஸ்ட் டைம்' என்ற பாட்காஸ்ட்டை நடத்திவந்தார். முதல் புத்தகம் வெளிவரும்போது எழுதியவருக்கு என்னென்ன நேர்கிறது என்பதே பேசுபொருள். நம்மூரில் முதல் தொகுப்புப் போட்டவர் டீக்கடை பெஞ்சில் நண்பரிடம் புலம்புவதை அவர்கள் ஒழுங்கான நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட வாழ்க்கைப்பாதை ஏதோ செல்போன் காலத்துப் பண்டம் என்று நினைக்கத் தோன்றும். மஞ்சக்குப்பத்தில் வழக்காடிய இருவரும் அந்தப் பாதையில் நடந்தவர்கள்தான்.

நாவலரை முதலில் பார்ப்போம். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பிரசங்கம் தொடங்குகிறார். புராணப் படிப்பு என்றால் ஒருவர் பாட்டை வாசிக்க இன்னொருவர் பொருள் சொல்வது வழக்கம். இது அப்படியல்ல. ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, கேட்பவரை நேரே பார்த்து, உரைநடையில் பேசுவது. மெதடிஸ்ட் பாதிரியார் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். ஞாயிறுதோறும் சர்ச்சில் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த வடிவத்தை எடுத்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றிச் சிவன் கோயிலில் வைத்தார். கூடப் பேச நல்லூர் கார்த்திகேய ஐயர் இருந்தார். குறித்த கிழமை, குறித்த நேரம், நடத்துபவர் இருவர். பாட்காஸ்ட் என்ற பெயர்தான் பாக்கி. இரண்டு வருஷத்தில், 1849இல், திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது. அவருடைய நாவுக்குக் கிடைத்த பட்டம் அது.

அதே மனிதர்தான் தமிழ் அச்சுலகத்தின் மிகக் கறாரான பிழைதிருத்துபவரும். நாவலர் பதிப்பு என்றால் எழுத்துப்பிழை இராது என்பது பண்டிதர்கள் வாயில் பழமொழி மாதிரி வழங்கிய நம்பிக்கை. சொந்தமாக அச்சகம் வைத்தார், பாடப்புத்தகம் எழுதினார், 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். ஒரு காற்புள்ளி இடம்மாறினால் பொறுக்காதவர், திருத்தவே முடியாத ஊடகத்தில் வாரந்தோறும் பேசினார். இந்த முரண்தான் என்னை இந்த விஷயத்தில் பிடித்து வைத்திருக்கிறது. மஞ்சக்குப்பம் வழக்கையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். எதிராளி அச்சில் எழுதியதற்கு அவரிடம் பதில் அச்சு இருந்தது. வாயால் சொன்னதை என்ன செய்வது? அதற்குப் பிழைதிருத்தம் போட முடியாது, சம்மன்தான் அனுப்ப முடியும்.

வள்ளலார் கதை தலைகீழ். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்தவர். சென்னையில் அண்ணன் சபாபதிக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவருக்குப் பதிலாகப் புராணச் சொற்பொழிவு செய்யப்போய்க் கூட்டத்தை அசத்திய சிறுவன் என்றே அவர் வரலாற்றை எழுதியவர்கள் தொடங்குகிறார்கள். அவர் பாடல்கள் பாடப்பட்டுப் பரவின, அச்சுக்கு அவர் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், அனுமதி கிடைக்கும்வரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று விரதம் இருந்த பிறகே இறங்கிவந்தார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் திருவருட்பா அச்சேறியது. அதே வருஷம் வடலூரில் தருமச்சாலை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிவிட்டு அவர் பேசியதைத்தான் பேருபதேசம் என்கிறோம். நம் கையில் இருப்பது கேட்டவர்கள் எழுதிவைத்த வடிவம். அதைப் படித்தால் பாடல்களில் இல்லாத ஒரு மனிதர் தென்படுகிறார். கொஞ்சம் அவசரம், கொஞ்சம் ஆயாசம், பழையதை விட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பதற்றம். எழுத உட்கார்ந்திருந்தால் இவற்றில் பாதியை அவரே அடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அடிக்காமல் கிடைத்ததே நல்லது.

சிதம்பரத்தை மனத்தில் வைத்துப் பாடிய இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபத்துக்காகப் பிறந்தது. புத்தகமானது பிறகுதான், அதுவும் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு நடையாய் நடந்தார் பாரதி. இலக்கணப் பிழை மலிந்த நூலுக்குப் பாயிரமா என்று பிள்ளை நாளைக் கடத்தினார். ஒருநாள் பிள்ளை படுத்திருக்க, வெளியே காத்திருந்த பாரதி 'வருகலாமோ' என்று தன்பாட்டுக்குப் பாடினார். உள்ளே இருந்தவர் கரைந்துபோனார். பாயிரம் கிடைத்தது. உ.வே.சா. எழுதி நமக்குத் தெரிந்த இந்த நிகழ்ச்சியைப் பக்தியின் வெற்றி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இது ஒரு புரூஃப் ரீடரின் தோல்வியாகவும் படுகிறது. பிழைகள் அப்படியேதான் இருந்தன. காதில் விழும்போது அவை கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி அதே மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24இல் பிறந்த ஒருவர். (அடுத்த நாள், ஏப்ரல் 25, திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் நாள். அவர் 1906. பிறந்தநாள்கள் அடுத்தடுத்து, பிறந்த இடங்கள் ஒரே ஊரின் இரண்டு முனைகள். கடலூர்க்காரர்கள் இதைக் கொண்டாடிக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.) ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். விழுப்புரத்தில் மாமா வழியாகச் சுப்பிரமணிய பாரதியும் பொதுவுடைமையும் வந்தன. பிறகு சென்னை, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம், ஜனசக்தி அச்சகம். பத்திரிகை கூவி விற்றார், புரூஃப் பார்த்தார். அச்சு மை வாசனையிலும் தோழர்களின் விவாதத்திலும் ஒரே நேரத்தில் வளர்ந்த பையன். இவருக்கு எழுத்துப் பாடசாலையும் பேச்சுப் பாடசாலையும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

சரஸ்வதி, தாமரை, சாந்தி என்று சிறிய பத்திரிகைகளில் எழுதி, அறுபதுகளில் ஆனந்த விகடனுக்கு வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு மேடைக்காரனின் துணிச்சல். இளைஞராக இருந்தபோது திருச்சி எழுத்தாளர் மாநாட்டில் பெரியார் பேசி முடித்த மேடையிலேயே எழுந்து மறுத்துப் பேசியவர். அவர் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்‌ஷாக்காரன், பால்காரி, வக்கீல், விதவை, சாமியார், யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். குறை என்று விமர்சகர்கள் சொன்னது இதைத்தான். பாத்திரங்கள் எல்லாம் ஜெயகாந்தனாகவே பேசுகின்றன என்பார்கள். பாதி உண்மை. நல்ல கதைகளில் எதிர்த்தரப்பும் ஜெயகாந்தனாகவே பேசும். அங்கேதான் அது பிரசங்கம் ஆகாமல் தப்பிக்கிறது.

'அக்கினிப்பிரவேசம்' விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1966இல் விகடனில் வந்த கதை. மழையில் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். தமிழ் வீடுகள் கொதித்தன. வாசகர் கடிதங்கள் குவிந்தன, வேறு முடிவு எழுதிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். மேடையில் இருந்திருந்தால் ஜெயகாந்தன் அங்கேயே பதிலடி கொடுத்திருப்பார், கைதட்டல் வாங்கியிருப்பார், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அச்சாக இருந்ததால் அவருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. எதிர்த்தவர்கள் சொன்னபடியே அம்மா ஏற்றுக்கொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார். தினமணி கதிரில் தொடராக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதுதான். அந்த நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதை ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. அதை எழுதிய ஆர்.கே.வி. ஒரு பாத்திரமாக வருகிறார். நாவலின் நாயகி கங்கா அந்தக் கதையைப் படிக்கிறாள். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு, 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படம். வாசகர்களோடு நடத்திய ஒரு சண்டை நானூறு பக்கம் நீண்டு இலக்கியமான சம்பவம் தமிழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பேச்சின் சூடும் திருத்தத்தின் நிதானமும் இப்படி ஒன்றுக்கொன்று உதவியது அவரிடமே பிறகு அதிகம் நடக்கவில்லை.

ஞானரதம், கல்பனா பத்திரிகைகளின் ஆசிரியப் பொறுப்பு, அரசியல் மேடைகள், சினிமா என்று போனபிறகு கே.கே. நகர் வீட்டு மாடிக் கொட்டகையில் சபை கூட ஆரம்பித்தது. அதைப் பற்றி நண்பர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுபவரும் பேராசிரியரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். சிலும்பி சுற்றும். கம்பராமாயணத்தில் தொடங்கி லெனின் வழியாகச் சங்கரருக்குப் போய்த் தேநீர்க் கடை வம்பில் முடியும். நடத்துபவர் ஒருவர், விருந்தினர் பலர், நேரக்கட்டுப்பாடு இல்லை. எண்பதுகளுக்குப் பிறகு அவர் எழுதியது மிகக் குறைவு. ஏன் எழுதுவதில்லை என்று கேட்காத பேட்டியாளர் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. என் ஊகம் சாதாரணமானது. எதிரே ஆள் இல்லாதபோதுதான் மனிதன் எழுதுகிறான். ஒவ்வொரு சாயங்காலமும் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து, சொல்லி முடிக்குமுன் சிரித்து, சொல்லி முடித்ததும் தலையாட்டினால் காகிதத்துக்கு வேலை என்ன? ஞானபீடம், பத்மபூஷண் எல்லாம் அந்த எழுதாத வருஷங்களில் வந்தவை. 2015 ஏப்ரலில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் கதைகளைவிடச் சபையைப் பற்றி எழுதியவர்களே அதிகம் என்று அப்போது படித்த எனக்குத் தோன்றியது. வருத்தமாகவும் இருந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜெயகாந்தனிலிருந்து மௌனிக்குத் தூரம் அதிகம். 1907இல் பிறந்து, நாற்பதுகளில் சிதம்பரத்துக்குக் குடிவந்து, 1985இல் அங்கேயே காலமான மணி ஐயர் என்கிற மௌனி, வாழ்நாள் முழுக்க எழுதியது இருபத்துச் சொச்சம் சிறுகதைகள். மணிக்கொடியில் முதல் கதைகள் வந்தது 1936. முதல் தொகுப்பு 'அழியாச்சுடர்' 1959. இடையில் இருபத்துமூன்று வருஷம். ஒரே கதையைப் பல தடவை திருப்பித் திருப்பி எழுதுகிற ஆள். சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொன்ன பிறகு தேடிவந்தவர்கள் உண்டு. மேடையில் முழங்கியவர் என்று பெயரெடுக்கவில்லை. அவர் கதையை யாராவது வாசித்து ஒலிப்பதிவாகப் போட்டால் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது நிமிஷத்தில் நூல் அறுந்துவிடும். அந்த வாக்கியங்கள் கண் பின்னோக்கிப் போய் மறுபடி வருவதை நம்பிக் கட்டப்பட்டவை. காதுக்குப் பின்னோக்கிப் போகும் பழக்கம் இல்லை. பட்டனை அழுத்திப் பத்து விநாடி பின்னால் போகலாம்தான், யார் போகிறார்கள்?

குரலையே தொழிலாகக் கொண்டு, அதில் வென்றவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். இந்தக் கொள்ளிடக்கரை வட்டாரத்து அரியலூர்ப் பக்கத்து மனிதர். வேளாண்மை படித்து, வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளில் தொடங்கியவர். அவர் சொன்ன 'இன்று ஒரு தகவல்' காலையில் சில நிமிஷம்தான். தகவல் ஒன்று, கடைசியில் குட்டிக்கதை ஒன்று, தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவார். பின்னால் அவை புத்தகங்களாக வந்து நன்றாக விற்றன. நானும் வாங்கினேன். அவர் குரல் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் குரல் கேட்கும். 2009இல் அவர் இறந்தபிறகு வளர்ந்த பிள்ளைகளிடம் அதே பக்கத்தைக் கொடுத்தால், துணுக்குப் புத்தகம் என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது பக்கத்துத் திருவண்ணாமலையிலிருந்து பவா செல்லதுரை கதை சொல்கிறார். எழுத்தாளர், ஆனால் உலகத் தமிழர் காதுகளில் அவர் கதைசொல்லி. ஸ்ருதி டிவி போன்றவர்கள் இலக்கியக் கூட்டங்களை எல்லாம் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். பவா பிறர் கதைகளைச் சொல்லும்போது வரிசை மாறும், பெயர் மாறும், இல்லாத ஒரு வசனம் முளைக்கும். மூலத்தைப் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. காலட்சேபக்காரர்கள் செய்யாததா? என் கவலை வேறு. பதிவு நிற்கிறது என்பதால் பேச்சே இப்போது கடைசிப் பிரதி ஆகிவிட்டது. நாவலரின் வெள்ளிக்கிழமைகள் காற்றோடு போனதால்தான் அவற்றின் சரக்கு உரைநடையாகத் திரும்பி வரவேண்டியிருந்தது. ஜெயகாந்தனின் கட்சி அலுவலக விவாதங்களும் அப்படிப் போனதால்தான் கதைகளில் வேறு உருவில் எழுந்தன. பேச்சு பட்டறையாக இருந்தவரை எழுத்துக்கு லாபம். பட்டறையையே கண்காட்சியாக்கி, தினமும் பார்வையாளரை விட்டால் அங்கே என்ன செய்ய முடியும்? இப்போது இருபத்தைந்து வயதில் ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்புப் போட்டுவிட்டு, அதைப் பற்றி நாற்பது மணி நேரம் பேசியிருக்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன். இரண்டாவது தொகுப்பு வந்தபாடில்லை.

இவ்வளவு சொன்னாலும், 'தி ஃபர்ஸ்ட் டைம்' மாதிரி ஒன்று தமிழில் வந்தால் நான் முதல் ஆளாகக் கேட்பேன். நம் எழுத்தாளர்கள் தத்துவம் பேசுவார்கள், முதல் புத்தகத்துக்கு யார் பணம் போட்டது, எத்தனை பிரதி கட்டாகவே கிடந்தது என்பதை வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். பழையவர்களையும் அழைக்க முடியுமானால் என்னிடம் பட்டியல் இருக்கிறது. வள்ளலாரிடம் இரத்தின முதலியாரின் ஒருவேளைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். நாவலரிடம் மஞ்சக்குப்பத்துக்குப் போனது வீண்செலவு என்று பிறகு நினைத்தாரா என்று கேட்க வேண்டும், கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஜெயகாந்தனுக்குக் கேள்வியே தேவைப்படாது. மௌனி வர ஒப்புக்கொள்வதே சந்தேகம். வந்து பேசினாலும், நிகழ்ச்சியை வெளியிடுவதற்குள் திருத்தம் கேட்டுச் சிதம்பரத்திலிருந்து நாலு கார்டு வந்துவிடும்.